பசி நகரமும் ஒரு தேனீயும்

போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு சாவு. மனுஷங்க யாரும் இல்லைங்க, ஒரு ப்ராஜெக்ட். ரெண்டு வருஷமா ராத்திரி பகலா ஆணி புடுங்கி, அதுக்குன்னே ஒரு டெஸ்டிங் டீம் வெச்சு, ரிலீஸ் வரைக்கும் வந்ததை "இது இனிமே வேண்டாம்"னு அரை மணி நேர மீட்டிங்ல மூடிட்டாங்க. ரெண்டு வருஷக் கோடும் ஒரு ஓரத்துல கிடக்குது. காபி மெஷின் பக்கத்துல நின்னு புலம்பிட்டு, வீட்டுக்கு வந்து ஹெட்போனை மாட்டினேன். கேட்டது டேவிட் போவியோட 'டேவிட் லைவ்'. 1974-ல் அமெரிக்காவுல பதிவான கச்சேரி.

அப்பதான் ஞாபகம் வந்துச்சு, இதே மாதிரி ஒரு சாவு அந்த ஆல்பத்துக்குப் பின்னாடியும் இருக்கே! சரி, புலம்பலை நிறுத்திட்டு அதை எழுதலாம்னு உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டுக்கிட்டு வந்துடுங்க மக்களே.

கொசுவத்திச் சுருளை 1973-க்குச் சுத்துவோம். ஜூலை 3, லண்டன் ஹாம்மர்ஸ்மித் ஓடியன் அரங்கம். போவி அப்போ 'ஸிக்கி ஸ்டார்டஸ்ட்' வேஷத்துல உச்சத்துல இருந்த நேரம். சிவப்பு முடி, ஜிகினா உடை, வேற்று கிரகத்துல இருந்து வந்த ராக் பாடகன்ங்கிற பாத்திரம். நிகழ்ச்சி முடியிற நேரத்துல மைக்கைப் பிடிச்சு, இதுதான் எங்க கடைசி நிகழ்ச்சின்னு அறிவிச்சுட்டாரு. கூட்டம் அதிர்ந்து போச்சு. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, பக்கத்துல வாசிச்சுக்கிட்டிருந்த பேஸ் கிதார்காரருக்கும் டிரம்ஸ்காரருக்கும். அவங்களுக்கும் அப்பதான் தெரியும்! தன் வேலை போன செய்தியை மேடையில நின்னுக்கிட்டே கேக்குறது எப்படி இருந்திருக்கும்? இதை ஒரு ஓரமா வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அடுத்து போவி ஆசைப்பட்டது ஜார்ஜ் ஆர்வெல்லோட '1984' நாவலை இசை நாடகமாப் போட. ஆர்வெல்லோட மனைவி சோனியா ஒரே வார்த்தையில முடியாதுன்னுட்டாங்க. அதுக்காக எழுதி வெச்ச பாட்டுகளை என்ன பண்றது? நாம பண்றதைத்தான் அவரும் பண்ணாரு. க்ளையன்ட் வேண்டாம்னு சொன்ன மாட்யூலை வேற ப்ராஜெக்ட்ல செருகுற வேலை, ஹி ஹி. சொந்தமா ஒரு அழிஞ்சு போன நகரத்தைக் கற்பனை பண்ணி, அதுக்கு 'ஹங்கர் சிட்டி'ன்னு பேரு வெச்சாரு. பசி நகரம். 1974 மே மாசம் 'டைமண்ட் டாக்ஸ்' ஆல்பம் வந்துச்சு. நாடகம் போட விடலைன்னா என்ன, கச்சேரியையே நாடகமாப் போட்டுடலாம்னு முடிவு பண்ணிட்டாரு.

இங்கதான் விஷயம் சூடு பிடிக்குது. அந்தக் காலத்து ராக் கச்சேரின்னா ஒரு மேடை, பின்னாடி ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிங்க, கொஞ்சம் கலர் விளக்கு, அவ்ளோதான். போவி என்ன பண்ணாருன்னா, பிராட்வே நாடக உலகத்துக்குப் போயிட்டாரு. விளக்கமைப்புக்கு ஜூல்ஸ் ஃபிஷர். 'பிப்பின்' நாடகத்துக்கு 1973-ல் டோனி விருது வாங்கினவர். நடன அமைப்புக்கு டோனி பேசில் (பல வருஷம் கழிச்சு 'மிக்கி' பாட்டுப் பாடி உலகமெல்லாம் பிரபலமானாங்களே, அதே அம்மாதான்). மேடை வடிவமைப்பு மார்க் ராவிட்ஸ். ஃபிரிட்ஸ் லாங்கோட 'மெட்ரோபோலிஸ்' மாதிரியான ஜெர்மன் மௌனப் படங்கள்தான் மாடல். சாஞ்சு நிக்கிற வானளாவிய கட்டிடங்கள், அதுல இருந்து ரத்தம் மாதிரி வழியிற சிவப்பு.

மேடையோட செலவு சுமார் 2.5 லட்சம் டாலர்னு சொல்வாங்க. எடை 6 டன். ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல மேலயும் கீழயும் போற ஒரு பாலம், அதுல நடந்துக்கிட்டே போவி பாடுவாரு. 'ஸ்பேஸ் ஆடிட்டி' பாட்டுக்கு, தெரு விளக்கு ரிப்பேர் பண்றவங்க ஏறுவாங்களே, அந்த மாதிரி ஹைட்ராலிக் கை. அதோட நுனியில ஒரு நாற்காலி. அதுல உட்கார்ந்து, டெலிபோன் ரிசீவரைக் கையில பிடிச்சுக்கிட்டு பார்வையாளர்கள் தலைக்கு மேல மிதந்து வருவாரு. ஒரு பாட்டுக்கு ஹாம்லெட் மாதிரி கையில மண்டையோடு. இன்னொண்ணுக்கு குத்துச்சண்டைக் கையுறை. ரெண்டு நடனக்காரங்க கயித்துல கட்டின நாய்ங்களா வருவாங்க. பாட்டுக்கு நடுவுல ரசிகர்கள்கிட்ட பேச்சே கிடையாது. நாடகத்துல நடிகன் நம்மளைப் பார்த்து "எல்லாரும் சாப்பிட்டாச்சா"ன்னு கேப்பானா? அது மாதிரி.

இசைக் கலைஞர்களையும் மேடையோட ஒரு ஓரமா, அவ்வளவாக் கண்ணுக்குத் தெரியாத மாதிரி உட்கார வெச்சுட்டாங்க. சாதாரண ஆளுங்க இல்லைங்க அவங்க. இசை இயக்கம் மைக்கேல் கேமன், பிற்பாடு 'டை ஹார்ட்' படத்துக்கெல்லாம் இசை போட்டவர். சாக்ஸஃபோன் டேவிட் சான்பார்ன். பேஸ் கிதார் லண்டன் ஸ்டூடியோக்கள்ல பேர் போன ஹெர்பி ஃப்ளவர்ஸ்.

1974 ஜூன் 14, மான்ட்ரியல்ல முதல் நிகழ்ச்சி. பார்த்தவங்க வாயைப் பிளந்துட்டாங்க. ஆனா நம்ம தொழில்ல இருக்குறவங்களுக்கு இந்த மேடையைப் பத்திப் படிச்சதுமே வயித்தைக் கலக்கும். ஒவ்வொரு பாட்டும் ஒரு இயந்திரத்தோட கட்டிப் போடப்பட்டிருக்கு. பாலம் இறங்கினாதான் அடுத்த பாட்டு. பாட்டு வரிசையை மாத்த முடியாது. புதுப் பாட்டைச் செருக முடியாது. ஒரு மோட்டார் மக்கர் பண்ணா மொத்த காட்சியும் போச்சு. எல்லாமே ஹார்ட்கோடிங்! அந்தப் பாலம் ஒருமுறை அவரு மேல நின்னுக்கிட்டிருக்கும்போதே சரிஞ்சு விழுந்திருக்கு. உயிர் போற சமாச்சாரம்.

அப்புறம்தான் தேனீ வருது.

ஜூலை 2, ஃப்ளோரிடாவுல டாம்பா நகரத்துல நிகழ்ச்சி. மேடைச் சாமான்களை ஏத்திக்கிட்டு லாரி வந்துக்கிட்டிருக்கு. ஓட்டிக்கிட்டிருந்தவரை ஒரு தேனீ கொட்டிடுச்சு. லாரி ரோட்டை விட்டு விலகி சதுப்பு நிலத்துல இறங்கிடுச்சு. பிராட்வே மூளைங்க, ஜெர்மன் சினிமா, 6 டன் இரும்பு, லட்சக்கணக்கான டாலர்... எல்லாம் ஒரு தேனீகிட்ட தோத்துப் போச்சு. அன்னிக்கு ராத்திரி பசி நகரம் இல்லாமலே போவி பாடினாரு. வெறும் மேடை, பாட்டு, ஆளு. நிகழ்ச்சி நடந்து முடிஞ்சுது.

அந்த ராத்திரி அவர் மனசுல என்ன ஓடிச்சுன்னு நமக்குத் தெரியாது. ஆனா எனக்கு ஒண்ணு தோணுது. டெமோ அன்னிக்கு முக்கியமான சர்வர் படுத்துக்கிட்டு, பேக்கப்பை வெச்சு எப்படியோ ஒப்பேத்தினதுக்கு அப்புறம் ஒரு கேள்வி வரும் பாருங்க, "அப்போ அது எதுக்கு?"ன்னு. அந்தக் கேள்வி ஒரு தடவை வந்துட்டா திரும்பப் போகாது.

பத்து நாளுக்குள்ள அடுத்த இடி, ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்துல டவர் தியேட்டர்ல. வாசிக்கிறவங்க மேடைக்கு வந்து பார்த்தா, வழக்கமான மைக்குங்க பக்கத்துலயே கூடுதல் மைக்குங்க இருக்கு. என்னடா இதுன்னு விசாரிச்சா, நிகழ்ச்சியை ஆல்பமாப் பதிவு பண்ணப் போறாங்களாம். வாசிக்கப் போறவங்கள்ல யார்கிட்டயும் முன்கூட்டிச் சொல்லலை, தனிச் சம்பளம் பேசவும் இல்லை. ஹெர்பி ஃப்ளவர்ஸ் முன்னாடி நின்னாரு. ஆளுக்கு 5000 டாலர், இல்லைன்னா மேடை ஏற மாட்டோம். நிகழ்ச்சி ஆரம்பிக்கப் போற நேரம். போவி ஒத்துக்கிட்டாரு. நான் ஹெட்போன்ல கேட்டது அந்த ராத்திரிகளோட பதிவைத்தான். இந்தக் கதை தெரிஞ்சதுக்கு அப்புறம் கேட்டா, வாசிப்புல ஒரு விறைப்பு இருக்குற மாதிரியே தோணுது. என் பிரமையாக்கூட இருக்கலாம்.

சரி, அவ்ளோ பெரிய நட்சத்திரம், காசு எங்க போச்சு? அவரோட மேனேஜர் டோனி டெஃப்ரீஸ், கம்பெனி பேரு மெயின்மேன். கம்பெனியில தனக்குப் பாதிப் பங்கு இருக்குன்னு போவி நம்பிக்கிட்டிருந்தாரு. அப்படி எதுவும் இல்லைன்னும், தன்னோட சம்பாத்தியத்துல மட்டும்தான் பங்குன்னும் அப்புறம்தான் புரிஞ்சுது. கையெழுத்துப் போடும்போது படிக்காத ஆளுங்க நாம மட்டும் இல்லைங்க. 1975 தொடக்கத்துல அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க.

இதுக்கு நடுவுல, ஆகஸ்ட் மாசம் கச்சேரிகளுக்குக் கிடைச்ச இடைவெளியில, போவி ஃபிலடெல்ஃபியாவோட சிக்மா சவுண்ட் ஸ்டூடியோவுக்குப் போனாரு. அங்க கார்லோஸ் அலோமார், அப்போ யாருக்கும் தெரியாத லூதர் வாண்ட்ராஸ் மாதிரி கறுப்பினக் கலைஞர்களோட சோல் இசைப் பாட்டுகளைப் பதிவு பண்ணாரு. மனசு முழுக்க அந்தப் பக்கம் சாஞ்சிடுச்சு. செப்டம்பர்ல லாஸ் ஏஞ்சல்ஸ்ல பசி நகரத்தைத் திரும்பவும் நிறுத்தினாங்க. பிபிசிக்காக ஆலன் யென்டாப் எடுத்த 'க்ராக்டு ஆக்டர்' படத்துல அதோட சில துண்டுகள் இருக்கு. 1975 ஜனவரியில ஒளிபரப்பாச்சு. அதுல போவியைப் பாருங்க. எலும்பும் தோலும்தான். கொக்கைன் பழக்கம் ஆளையே தின்னுக்கிட்டிருந்த நேரம்.

அக்டோபர் 5, மினசோட்டாவுல செயின்ட் பால் நகரம். சுற்றுப்பயணம் அங்க திரும்பவும் தொடங்கினப்போ பசி நகரம் இல்லை. மொத்தமாக் கழட்டிப் போட்டாச்சு. புது இசைக்குழு, புதுப் பாட்டு, எளிமையான மேடை. வாசிக்கிறவங்க ஒளியாம வெளிச்சத்துல நிக்கிறாங்க. மேடையைப் பத்திக் கேள்விப்பட்டு டிக்கெட் வாங்கினவங்கள்ல பல பேருக்கு ஏமாற்றம். டிசம்பர் 1-ல் அட்லான்டாவோட பயணம் முடிஞ்சுது. அடுத்த மார்ச்ல 'யங் அமெரிக்கன்ஸ்' ஆல்பம், செப்டம்பர்ல அமெரிக்காவுல அவருக்கு முதல் நம்பர் ஒன் பாட்டு, 'ஃபேம்'.

வேடிக்கை என்னன்னா, ராக் மேடையை நாடக மேடையாக்கினதுல இவ்ளோ பெரிய இடம் பிடிச்ச அந்த நிகழ்ச்சியை யாரும் முழுசாப் படமாக்கி வெளியிடவே இல்லை. மிச்சம் இருக்குறது அந்த டாக்குமென்டரித் துண்டுகளும், போட்டோக்களும், ஒலிப்பதிவுகளும்தான். பார்த்தவங்க சொன்ன கதைங்கதான் அதைப் பெருசாக்குச்சு.

இதை இங்க நிறுத்தினா "துணிஞ்சு தூக்கிப் போடு, நம்பர் ஒன் ஆவே"ன்னு ஒரு ஃபார்வர்டு மெயில் நீதியாயிடும். அதுல ரெண்டு சிக்கல் இருக்கு.

ஒண்ணு, போவியே அந்தப் பாடத்தைக் கத்துக்கலை. 13 வருஷம் கழிச்சு 1987-ல் அதே ராவிட்ஸ், அதே டோனி பேசிலைக் கூப்பிட்டு, மேடை மேல ராட்சச சிலந்தியை நிறுத்தி 'க்ளாஸ் ஸ்பைடர்' சுற்றுப்பயணம் போனாரு. விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. 1990-ல் திரும்பவும் சின்னக் குழு, சுத்தமான மேடை. நாம தூக்கிப் போட்டது கோடு மட்டும்தான். அதை எழுத வெச்ச ஆசை வேற ரூபத்துல திரும்ப வரும்.

ரெண்டாவது, தூக்கிப் போட்டது யாரு, போனது யாரு? ஹாம்மர்ஸ்மித் மேடையில செய்தி கேட்ட ரெண்டு பேரை ஓரமா வைக்கச் சொன்னேன் இல்லையா? 1974 செப்டம்பர்ல திரும்பவும் தொடங்கினப்போ, பேஸ்லயும் டிரம்ஸ்லயும் வேற ஆளுங்க. ஹெர்பி ஃப்ளவர்ஸ் அதுல இல்லை. போவியால தூக்கிப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போக முடிஞ்சுது, ஏன்னா எல்லா இடத்துலயும் அவரு பேருதான் இருந்துச்சு.

எங்க ப்ராஜெக்டை மூடின அன்னிக்கு மேனேஜர் "இது எல்லாருக்கும் ஒரு நல்ல அனுபவம்"னு மெயில் போட்டாரு. எனக்கு அடுத்த திங்கள்கிழமையே வேற ப்ராஜெக்ட் கிடைச்சுது. டெஸ்டிங்ல கான்ட்ராக்ட்ல இருந்த ரெண்டு பேருக்குக் கிடைக்கலை. அவங்களும் அதே காபி மெஷின்கிட்டதான் நின்னாங்க. நான் என் ரெண்டு வருஷக் கோடைப் பத்திப் புலம்பிக்கிட்டிருந்தேன்.

நேத்து ஒருத்தருக்கு போன் பண்ணிப் பேசினேன். ரெஸ்யூமை எனக்குத் தெரிஞ்ச நாலு இடத்துக்கு அனுப்பியிருக்கேன். இன்னொருத்தர் இன்னும் போனை எடுக்கலை. இன்னிக்குத் திரும்ப அடிச்சுப் பார்க்கணும்.

டிஸ்கி: 'டேவிட் லைவ்' கேக்காதவங்க ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அந்த விறைப்பு உங்க காதுக்கும் கேட்டுச்சான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கேக்கலைன்னா என் பிரமைதான்னு ஒத்துக்குறேன்.