எந்தக் கேள்விக்கு இந்தப் பதில்? – பதில்களை அடுக்கிய வரலாறு



வகுப்புப் புலனக் குழுவில் ஒரு மாணவி, "விடை 12 தானே?" என்று கேட்கிறாள். அடுத்த நொடியில் ஒரு மாணவன், "நாளைக்கு விளையாட்டுச் சட்டையா?" என்கிறான். அவற்றுக்குக் கீழே ஆசிரியர், "ஆமாம்" என்று ஒரு சொல் எழுதுகிறார். எதற்கு ஆமாம்? சட்டைக்குச் சொன்ன பதிலைத் தன் கணக்குக்கு என்று எடுத்துக்கொண்டால், அந்த மாணவி தப்பான விடையோடு தேர்வுக்குப் போவாள்.

பதில் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கேள்விக்கு உரிய பதில் என்பதும் தெரிய வேண்டும். கணினி வழிக் கலந்துரையாடலில் இந்தச் சிக்கலை மனிதர்கள் எப்படித் தீர்த்தார்கள்? இதுவும் வரலாறுதான். காரணம், விளைவு என்று பிரித்துப் படிக்க ஏற்ற வரலாறு.

1. காலவரிசை

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1960இல் டொனால்ட் பிட்சர் தலைமையில் 'பிளேட்டோ' என்ற திட்டம் தொடங்கியது. அது பாடம் கற்பிப்பதற்காகவே உருவான கணினி அமைப்பு. அதில் உள்ள குறைகளைத் தெரிவிக்கப் பயனர்களுக்கு ஒரு பொதுக் கோப்பு இருந்தது. யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து எழுதலாம். ஆனால், யார் எழுதியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மற்றவர் எழுதியதை அழிக்கவும் முடியும். எப்படி இருந்திருக்கும் என்று நினைச்சுப் பாருங்க!

1973இல் டேவிட் வூலி என்ற 17 வயது இளைஞர் இதற்குத் தீர்வாக 'நோட்ஸ்' என்ற நிரலை எழுதினார். ஒவ்வொரு குறிப்பிலும் தேதி, நேரம், எழுதியவரின் அடையாளம் ஆகியவை தானாகவே பதிவாயின. ஒரு குறிப்புக்கு வந்த பதில்கள் அதன் கீழே, வந்த வரிசையில் நின்றன. ஒரு குறிப்புக்கு 63 பதில்கள் வரை இடம் இருந்தது.

காலவரிசை அங்கே ஏன் போதுமானதாக இருந்தது? எல்லாரும் ஒரே மையக் கணினியோடு இணைந்திருந்தார்கள். முதலில் எழுதியது முதலில் தெரிந்தது. அவ்வளவுதான்.

2. காலவரிசை உடைந்தது

1979இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் 'யூஸ்நெட்' அமைப்பைத் திட்டமிட்டார்கள். இதில் மையக் கணினி கிடையாது. ஒரு கணினி தொலைபேசி வழியாக அடுத்த கணினியை அழைத்துச் செய்திகளை ஒப்படைக்கும். அது இன்னொன்றை அழைக்கும். கட்டணம் குறைவான இரவு நேரத்தில்தான் பல கணினிகள் இந்த வேலையைச் செய்தன.

விளைவு என்ன? சில நேரங்களில் கேள்வி வந்து சேர்வதற்கு முன்பே அதற்கான பதில் வந்துவிடும்! வந்த நேரத்தை வைத்து அடுக்கினால் உரையாடல் தலைகீழாகிவிடும்.

ஆகவே, நேரத்தை நம்பாத ஒரு வழி தேவைப்பட்டது. 1983இல் மார்க் ஹார்ட்டன் எழுதிய யூஸ்நெட் விதிமுறையைப் பாருங்க. ஒவ்வொரு செய்திக்கும் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாளக் குறி உண்டு. பதில் எழுதினால், எந்தச் செய்திக்குப் பதிலோ அதன் குறியையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். புதிய பொருளைத் தொடங்கினால் பழைய குறியைச் சேர்க்கவே கூடாது. அதாவது, பதில் தன் கேள்வியின் பெயரைச் சுமந்துகொண்டே பயணம் செய்தது.

3. கிளை வரிசை

இந்தக் குறிகளைத் தொடர்ந்து போனால் ஒரு மரம் கிடைக்கும். கேள்வி அடிமரம், பதில் கிளை, பதிலுக்குப் பதில் சிறுகிளை. 1990களில் பயன்பட்ட 'டிஆர்என்' என்ற செய்தி வாசிக்கும் நிரல், இந்த மரத்தைத் திரையின் ஓரத்தில் வரைந்தே காட்டியது.

அப்படியானால் மரம்தான் சிறந்ததா? அவசரப்படாதீங்க. கிளைகள் பெருகினால் ஒரே கருத்தைப் பத்துப் பேர் பத்துக் கிளைகளில் எழுதுவார்கள். முழு உரையாடலையும் யாரும் பார்க்க மாட்டார்கள். காலவரிசையில் எல்லாரும் ஒரே பக்கத்தைப் படிப்பார்கள். ஆனால் கேள்வியும் பதிலும் பிரிந்துபோகும். அதனால்தான் பின்னால் வந்த பல தளங்கள் மறுபடியும் காலவரிசைக்கே திரும்பின. 2016இல் வாட்ஸ்அப் இரண்டையும் கலந்தது: செய்திகள் கால வரிசையில் நிற்கும்; ஆனால் பதிலுக்கு மேலே பழைய செய்தியை மேற்கோளாகச் சேர்க்கலாம்.

4. தேர்வுக்கும் வகுப்புக்கும்

மாணவர்களே, "தொழில்நுட்பம் வளர்ந்தது, முறை மாறியது" என்று ஒரே வரியில் முடிச்சிடாதீங்க. அது விளக்கம் ஆகாது. மையக் கணினி இருந்ததால் காலவரிசை போதுமானதாக இருந்தது. மையம் இல்லாததால் அடையாளக் குறி தேவைப்பட்டது. இப்படிக் காரணத்தையும் விளைவையும் இணைத்து எழுதுங்க. புதியது பழையதை ஒழித்துவிட்டது என்றும் எழுதாதீங்க. இரண்டும் இன்றும் வாழ்கின்றன.

ஆசிரியர்களே, ஒரு சிறு நடவடிக்கை. பத்துச் செய்திகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதிக் குழுக்களிடம் கொடுங்கள். முதலில் நேரப்படி அடுக்கட்டும். பிறகு எந்தச் செய்திக்கு எது பதில் என்று பார்த்துக் கிளைகளாக அடுக்கட்டும். கடைசியில் ஒரு கேள்வி கேளுங்கள்: "பதிலே கிடைக்காத கேள்வி எது?" காலவரிசையில் அது கண்ணில் படாமல் புதைந்திருக்கும். கிளை வரிசையில் தனியாக நிற்கும். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளையின் கேள்வியாகவும் அது இருக்கலாம்.