கழுவ நேரமில்லாத பரல்

‘தோட்டத்தான் குடிச்சே அழியுறான்’ என்ற வசனத்தை பதுளைப் பக்கம் கேட்காத ஆள் இருக்க முடியாது. எங்களுக்கு அந்த வசனத்தோட பிரச்சினை இருக்கு. குடியால எங்க லயங்கள்ல நடக்கும் அழிவை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அந்த வசனம் வரலாற்றைச் சொல்லாமல் ஆளை மட்டும் குற்றவாளி ஆக்குது. அதனால ஆளை விட்டுட்டு, பாத்திரத்தைப் பற்றிப் பேசுவோம்.

முதல்ல தேயிலை ஸ்டோருக்குள்ள போவோம். உருட்டிய கொழுந்தை நொதிக்கப் போடும் மேடையையும் ரோலரையும் தினமும் கழுவுவாங்க. பழைய கொழுந்து ஒட்டிக் கிடந்தால் அதில் கிருமி பெருகி, அடுத்த தேயிலையின் வாசமும் கெட்டுப்போகும். 1890இல் லிப்டன் தம்பேத்தன்னயில் தொழிற்சாலை கட்டிய காலத்துக்கு முன்னாடியே இந்த அறிவு ஐரோப்பாவில் இருந்தது. பியர் ஏன் கெடுகிறது என்று ஆராய்ந்த லூயி பாஸ்டர், ஈஸ்டோடு வேறு கிருமிகள் கலப்பதே காரணம் என்று 1876இல் புத்தகமாகவே எழுதிட்டார். 1881இல் பக்கத்து நுவரெலியாவில் பியர் ஆலையும் வந்தாச்சு. ஆக, பாத்திரத்தைச் சுத்தமா வைக்கும் அறிவு மலைநாட்டுக்குப் புதுசில்லை.

பிறகு ஏன் கசிப்புப் பரல் அழுக்கா இருக்கு?

வெள்ளைக்காரன் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் போனது. குத்தகை எடுத்த சில குடும்பங்கள் பெரும் பணக்காரர் ஆன கதையை குமாரி ஜயவர்தன விரிவாக எழுதியிருக்கிறார். அரசுக்கு வரி, குத்தகைக்காரருக்கு லாபம், கூலிக்காரருக்குத் தவறணை. பின்பு வந்தது 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம். அனுமதியில்லாமல் மது காய்ச்சுவது மட்டுமல்ல, காய்ச்சும் கருவியை வைத்திருப்பதே அதன்படி குற்றம். திருத்தங்களோடு அது இன்றும் நடைமுறையில் இருக்கு.

இங்கதான் விஷயம். வைத்திருப்பதே குற்றமான பாத்திரத்தை யார் கழுவிக் காயவைப்பார்? அது ஓடைக்கரையில், புதருக்குள் ஒளிந்து கிடக்கும். கோடா இருந்த பரலிலேயே அடுத்த கோடாவும் ஊறும். அதில் புளிப்புக் கிருமி சேர்ந்தால் அமிலம் கூடும். அமிலம் செம்பில் பட்டால் களிம்பு பிடிக்கும். இது எங்க அம்மாயிமாருக்குத் தெரிந்த வேதியியல்தான். செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதும், சமைக்கிற பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதும் அதுக்குத்தான். ஆனால் சுருள் குழாயின் உள்பக்கத்துக்கு எந்தக் கையும் போகாது.

சில நஞ்சு கழுவினாலும் போகாது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது, பழைய கார் ரேடியேட்டர்களைக் குளிர்விப்பானாகப் போட்டுக் காய்ச்சினார்கள். அதன் பற்றவைப்பில் இருந்த காரீயம் சாராயத்தில் இறங்கி, குடித்தவரின் உடம்பைக் கெடுத்தது.

எங்களுக்குச் சட்டம் தந்த அதே பிரித்தானியா, வீட்டில் பியர் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்று 1963இல் சொல்லிவிட்டது. இன்று அங்கே வீட்டில் பியர் ஊறவைப்பவர் முதலில் படிக்கும் பாடமே பாத்திரம் கழுவுவதுதான். ஆனால் சாராயம் காய்ச்சுவது அங்கேயும் அனுமதியின்றிக் கூடாது. வீட்டுக்கு வீடு காய்ச்சுங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. ஒளித்து வைத்தது எதையும் சுத்தமாக வைக்க முடியாது, அந்த அழுக்கின் விலையைக் கடைசியில் குடிப்பவரின் குடும்பம்தான் கொடுக்கிறது என்றுதான் சொல்கிறோம்.

முற்றுகைச் செய்திகளில் எத்தனை லீட்டர் கோடா என்று மட்டும் வரும். லண்டனில் குடிக்கும் தேத்தண்ணிக்காகத் தினமும் மேடை கழுவிய கைகளுக்கு, மாலையில் கிடைத்தது எந்தப் பரலில் ஊறியது என்று யாரும் கேட்டதில்லை. பசறையிலும் ஹாலிஎலயிலும் எங்க தாத்தாமார் இன்னும் இருக்கிறாங்க. அவங்க தவறணைக் கதைகளைக் கேட்டு எழுத வேண்டியது நாங்கள்தான்.