நெஞ்சுநோவும் ஐந்து கேள்விகளும்



நெஞ்சுநோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனவரிடம், "ஈசிஜி பிழையில்லை, ஆனாலும் இருங்கோ, இன்னொருக்கா ரத்தம் எடுக்கவேணும்" என்று டொக்டர் சொன்னால் எங்கட ஆக்களுக்குக் கோபம் வருகிறது. "இது வாய்வுதான், வீட்டை போவம்" என்று எழும்பி வருபவர்களும் உண்டு. அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

இதயத்துக்கு உணவூட்டுவது எது? அதன் உள்ளறையில் இருக்கும் இரத்தம்தான் என்றார் இப்னு சீனா. 13ஆம் நூற்றாண்டில் கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னு நஃபீஸ் அதை மறுத்தார். இதயத்தின் சுவருக்குள் ஓடும் நாளங்களே அதற்கு உணவூட்டுகின்றன என்று எழுதினார். அந்த நாளங்களில் ஒன்று அடைபடுவதுதான் மாரடைப்பு.

1768இல் லண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் ஒரு நோவை விவரித்தார். நடக்கும்போது, அதிலும் மேடு ஏறும்போது, சாப்பிட்ட கையோடு நடந்தால் நெஞ்சை இறுக்கும், நின்றால் விட்டுவிடும். சாப்பாட்டோடு சேர்ந்து வருவதால் வாய்வு என்று நினைக்கும் குழப்பம் இன்றும் தீரவில்லை.

1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தி, பின்னாளில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர் டொக்டர் சாமுவேல் கிறீன். அந்தக் காலத்து வைத்தியருக்கு நாடியும் காதும் ஸ்டெதஸ்கோப்பும்தான் துணை. தவிலுக்குப் பெயர்போன எங்கள் அளவெட்டியில் தாளம் பிசகினால் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் மாரடைப்பு வந்த பலருக்கு இதயத்தின் தாளம் பிசகுவதில்லை. காது மட்டும் போதாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் வில்லெம் ஐந்தோவன் ஈசிஜி கருவியை உருவாக்கினார். அதன் எடை ஏறக்குறைய 270 கிலோ. நோயாளி கைகாலை உப்புத் தண்ணீர் வாளிகளில் வைத்திருக்கவேண்டும். 1924இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதற்கிடையில் 1912இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக், இதய நாளம் அடைபட்டவர் உடனே இறந்துவிடுவார் என்பதில்லை, பிழைக்கவும் கூடும் என்று காட்டினார். பிழைக்கலாம் என்றால் நேரத்தோடு கண்டுபிடிக்கவும் வேண்டும்.

ஆனால் ஈசிஜியும் சில மாரடைப்புகளைக் காட்டாது. அதற்காகத்தான் 1990களில் ட்ரோபோனின் என்ற இரத்தப் பரிசோதனை வந்தது. இதயத் தசை சேதமானால் அந்தப் புரதம் இரத்தத்தில் கலக்கும். ஆனால் அது கூடித் தெரிய சில மணித்தியாலங்கள் எடுக்கும். நோ தொடங்கிய உடனே எடுத்த இரத்தம் "ஒன்றுமில்லை" என்று சொல்லக்கூடும். இரண்டாவது தரம் எடுப்பது அதனால்தான்.

2008இல் நெதர்லாந்து வைத்தியர்கள் இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்தார்கள். நோயாளி சொல்லும் கதை, ஈசிஜி, வயது, ஆபத்துக் காரணிகள், ட்ரோபோனின் என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளி. ஆங்கிலத்தில் அவற்றின் முதலெழுத்துகளைக் கோர்த்தால் 'ஹார்ட்', அதாவது இதயம் என்று வரும். 2013இல் 10 வைத்தியசாலைகளில் 2,440 பேரிடம் பரிசோதித்தார்கள். 0 முதல் 3 வரை எடுத்தவர்களில் ஆறு வாரத்துக்குள் மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்பு வந்தது 1.7 சதவீதத்தினருக்கு, 7உம் அதற்கு மேலும் எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு.

இந்தக் கணக்கில் 45 வயதுக்குக் குறைந்தவருக்கு வயதுப் புள்ளி பூச்சியம். ஆனால் 2007இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இலங்கை உட்பட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53; மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. "இளம் பெடியன்தானே" என்ற ஆறுதல் எங்களுக்குப் பொருந்தாது.

எந்த முறையைப் பாவித்தாலும் டொக்டர் முதலில் கேட்பது உங்கள் கதையைத்தான். நோ எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், கைக்கோ தாடைக்கோ பரவியதா, வியர்த்ததா என்று சரியாகச் சொல்லுங்கள். சீனி வருத்தம், பிரஷர், சிகரெட் எதையும் மறைக்காதீர்கள்.

நெஞ்சுநோ வந்தால் சோடா குடித்துப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். 2018இல் வடக்குக்கும் வந்த சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், இலக்கம் 1990. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியும் எங்களுக்குத் தூரமில்லை. டொக்டர் இருக்கச் சொன்னால், இரண்டாவது இரத்தப் பரிசோதனையின் முடிவு வரும்வரை இருங்கள். வீட்டில் பெரியவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.