ஈவும் மீதியும் பிறந்த கதை

கல்வராயன் மலைப் பக்கத்து வடக்கனந்தலில் ஒரு குழந்தை வகுத்தல் கணக்குப் போடும்போது வகுபடும் எண், வகுத்தி, ஈவு, மீதி என்று நான்கு சொற்கள் அதன் நோட்டில் வந்து உட்காருகின்றன. நான்கும் ஒரே நாளில் பிறந்தவை போலத் தெரியும். அப்படி இல்லை. மீதி நம் வீட்டுச் சோற்றுப் பானையில் கிடந்த சொல். வகுபடும் எண், வகுத்தி இரண்டும் பாடநூல் எழுதியவர்கள் செய்தவை. ஈவுதான் நீண்ட தூரம் நடந்து வந்த சொல்.

கொறுக்கையூர்க் காரி நாயனாரின் பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் பழைய கணித நூல் கணக்கதிகாரம். பலாப்பழத்தை அறுக்காமலே அதில் எத்தனை சுளை என்று சொல்ல அந்நூலின் ஒரு வெண்பா வழி காட்டுகிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் ஐம்பது என்றால் பெருக்க முந்நூறு, வகுக்க அறுபது சுளை. பழத்துக்குப் பழம் அது பலிக்குமா என்பது வேறு கேள்வி. நான் கவனிப்பது அந்த வெண்பாவின் வினைச்சொற்களை. பெருக்குவதற்கு இன்று நாம் சொல்லும் அதே சொல்தான் அங்கும் இருக்கிறது. வகுப்பதற்கு வருவது ‘ஈதல்’. ஈதல் என்றால் கொடுத்தல். இருப்பதைப் பங்கு போட்டுக் கொடுத்தால் ஆளுக்கு என்ன கிடைத்ததோ அது ஈவு. கொடுத்தது போக நின்றது மீதி. களத்தில் நெல்லைப் பங்கு பிரித்தவர்களுக்கு இதை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

அந்தக் களத்தின் அளவுகளே பிள்ளைகளின் பாடமாகவும் இருந்தன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நெல்லளவைக்கு நெல்லிலக்கம், எண்ணுக்கும் பணத்துக்கும் பொன்னிலக்கம், பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு எண்சுவடி, நிலத்தின் பரப்பைக் கணக்கிடக் குழிமாற்று என்று தனித்தனிச் சுவடிகள் இருந்தன. பிள்ளைகள் அவற்றைக் குரலெடுத்துச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். இந்தச் சுவடிகளை ஆராய்ந்து கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபு 2022இல் ஒரு பெரிய நூலே வெளியிட்டிருக்கிறார். கணக்கின் வரலாற்றில் அக்கறை உள்ள எவரும் அதைத் தேடிப் படிக்க வேண்டும்.

பின்னத்தில் அந்தப் பிள்ளைகள் இறங்கிய ஆழம் இன்றைக்கு நம்ப முடியாதது. முக்கால், அரை, கால் வரை நமக்குத் தெரியும். அதற்குக் கீழே அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. அந்த முந்திரியை மறுபடி 320 கூறாக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. இத்தனைக்கும் தனிப் பெயர், தனிக் குறி. தென்னாற்காட்டுப் பக்கத்தில் நிலம் பேசும்போது காணி என்றால் நூறு குழி. குழி 24 அடிக்கு 24 அடி, ஆக 576 சதுர அடி. நூறு குழிக்கு 57,600 சதுர அடி, அதாவது 1.32 ஏக்கர். எண்ணாகவும் நிலமாகவும் ஒரே சொல் ஓடியது.

அச்சுக்கூடம் வந்ததும் கதை வேறு பக்கம் திரும்பியது. யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடைய கரோல் விசுவநாத பிள்ளை 1855இல் வீசகணிதம் என்று அல்ஜிப்ராவுக்கே தமிழில் நூல் கொண்டுவந்தார். கல்வராயன் மலைக்கு அந்தப் பக்கம் சேலத்தில், வக்கீலாக இருந்த ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே 1916இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் விபுலானந்த அடிகள் தலைமையில் கலைச்சொல் மாநாடு கூடியது. 1938இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் ஏறக்குறைய பத்தாயிரம் கலைச்சொற்களைத் தொகுத்து வெளியிட்டது. கணிதமும் அதில் ஒரு துறை. வடமொழிச் சொற்களா, தனித்தமிழா என்ற வாதம் அந்நாளில் கடுமையாக நடந்தது. இரண்டு பக்கமும் முழுதாக வெல்லவில்லை. நம் பாடநூலில் முக்கோணமும் இருக்கிறது, தசமமும் இருக்கிறது.

சொற்களோடு பணமும் அளவைகளும் மாறின. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. பதினாறு அணா ரூபாய் நூறு பைசாவானது. அடுத்த சில ஆண்டுகளில் படியும் மரக்காலும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. ரூபாயில் மாகாணிதான் ஓர் அணா. அணா போனதும் மாகாணிக்கும் வேலை போனது. தசமம் வந்ததில் எனக்குக் குறை இல்லை, அது நல்ல முறை. ஆனால் பின்னம் என்பது நாவில் புழங்கும் பேச்சாக இருந்த காலம் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குப் பின்னம் கோட்டுக்கு மேலும் கீழும் எழுதும் இரண்டு எண் மட்டுமே.

இங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். 3/4 என்பதில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. பேச்சில் நாம் ‘ஒரு பகுதி’ என்றால் எடுத்துக்கொண்ட பங்கைச் சொல்கிறோம். பாடத்திலோ பகுதி கீழே கிடக்கிறது. எது மேலே எது கீழே என்று பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்? சொல் பிறந்த விதத்தைக் காட்டிவிட்டால் குழப்பம் போய்விடும். ஒரு கடலை மிட்டாயை நான்காகப் பகுத்தோம். பகுத்தது நான்கு, அது பகுதி. அதில் மூன்றைச் சேர்த்துத் தொகுத்தோம். தொகுத்தது மூன்று, அது தொகுதி. மூன்று கால் சேர்ந்து முக்கால். வாய் அதைச் சொல்லும்போதே கணக்கு முடிந்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் தொடக்க வகுப்புகளுக்கு 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியது. படமும் பாட்டும் செயல்பாடும் வகுப்புக்குள் வந்திருக்கின்றன. மனமார வரவேற்கிறேன். அந்தச் செயல்பாடுகளோடு சொல்லின் பிறப்பும் வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. வகுத்தல் நடத்தும் அன்றைக்குப் புளியங்கொட்டையைப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பங்கிடச் சொல்லுங்கள். ஆளுக்கு வந்ததை ஈவு என்று அப்போது சொல்லுங்கள். வடக்கனந்தலிலும் கச்சிராயபாளையத்திலும் மேலே கல்வராயன் மலையிலும் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். ஊரில் படியும் மரக்காலும் காணியும் சொல்லிப் பழகிய பெரியவர்கள் யாராவது இருந்தால் ஒருநாள் வகுப்புக்கு அழைத்து வந்து பிள்ளைகளின் எதிரில் அளக்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் அளவுப் பெயர்களைப் பிள்ளைகளையே எழுதி வைக்கச் சொல்லுங்கள். இந்த ஆண்டே செய்யுங்கள்.