தாது வருஷத்துக் கணக்கு

பினாங்கு நகரிலே கடைத்தெருவும் குயின் வீதியும் பினாங்கு வீதியும் சூழ்ந்த பகுதியை இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கின்றனர். அங்குள்ள மளிகைக் கடைகளையும் நகைக் கடைகளையும் காண்போர், தமிழன் திரவியம் தேடிக் கடல் கடந்தான் என்பதற்கு இதுவே சான்று எனப் பெருமையோடு பேசுவர். அக்கூற்றில் பாதி உண்மை உண்டு. 1786-க்குப் பின் சோழமண்டலக் கரையிலிருந்து இத்தீவுக்கு வந்த வணிகர் இலாபம் கருதியே வந்தனர். ஆனால் எதிர்க்கரையிலே, இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாகாணத்தில், கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்த கூலிகள் தேடியது திரவியமன்று; வயிற்றுச் சோறு. அவர்களை ஊரைவிட்டு ஓட்டியது யாது? மழை என்பர் சிலர். தலைவிதி என்பர் பலர். சரித்திரம் கூறும் விடை வேறு.

1876-ஆம் ஆண்டு, நம்மவர் கணக்கில் தாது வருஷம். அவ்வாண்டு சென்னை இராஜதானியில் தென்மேற்குப் பருவமழை குன்றியது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. 1877-இலும் முதல் மழை தவறிற்று. பல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்கள் பெரிதும் வாடின. வயல் விளையவில்லையெனின் நிலமுடையோன் நட்டமடைவான் என்பது யாவரும் அறிந்தது. ஆயினும் முதலில் மாண்டவன் அவனல்லன். நிலமற்ற உழவுக் கூலியே. விதைப்பில்லை, ஆகவே கூலியில்லை. அதே வேளையில் தானிய விலையோ இரு மடங்கும் மும்மடங்குமாக ஏறிற்று. அவனுக்குப் பின்னே நெசவாளி வீழ்ந்தான். சோற்றுக்கே வழியற்ற ஊரில் சேலை வாங்குவார் யார்?

தானியம் அடியோடு இல்லாமற் போயிற்றா? இல்லை. வங்காளத்திலிருந்து அரிசி கப்பலிலும் இரயிலிலும் வந்துகொண்டுதான் இருந்தது. வட இந்தியக் கோதுமை சீமைக்குச் சென்றுகொண்டுதான் இருந்தது. வாங்கும் காசுதான் ஏழையிடம் இல்லை. சென்னை சர்க்கார் தானியம் வாங்கிச் சேமிக்க முற்பட்டபோது, வியாபாரத்தில் தலையிடலாகாதென்று வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் சர்க்கார் தடுத்தது. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்டு டெம்பிள் வந்தார். நிவாரண வேலை செய்யும் ஆடவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென்று விதித்தார். மண் சுமக்கும் உடலுக்கு இது போதாதென்று சென்னைச் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வாதாடினார். முடிவு என்ன? பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனரெனப் பஞ்சக் கமிஷன் கணித்தது. 1871-இல் ஏறத்தாழ 20 இலட்சம் பேர் வாழ்ந்த சேலம் ஜில்லாவில், 1881-இல் எஞ்சியோர் 16 இலட்சமே.

எஞ்சியோரிற் பலர் ஊர் துறந்தனர். பெருந்திரளானோர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். வேறு சிலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினர். கப்பற் செலவு அவர்கள் பேரில் கடனாக எழுதப்பட்டது. ஒப்பந்த காலம் முழுதும் உழைத்து அதனைத் தீர்க்கவேண்டும். ஆள் பிடிப்போனுக்குப் பஞ்ச காலமே அறுவடைக் காலம். அவ்வொப்பந்த முறை மலாயாவில் ஒழிந்தது 1910-இல்தான். சேலத்து வானம் பொய்த்த நட்டத்தை, வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புக் காட்டில் கூலி தன் உடலால் கட்டித் தீர்த்தான்.

நிற்க. மழை ஏன் தவறிற்று என்பதையும் அறிதல் வேண்டும். இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், இந்து மகா சமுத்திரத்துக் காற்றழுத்தமும் பசிபிக் சமுத்திரத்துக் காற்றழுத்தமும் தராசுத் தட்டுகளைப்போல் மாறி மாறி ஏறி இறங்குவதை 1920-களில் விளக்கினார். பசிபிக் கடல் வழக்கத்துக்கு மேல் சூடேறும் எல் நினோ நிலையோடு அது பிணைந்ததென்பதைப் பிற்கால அறிஞர் நிறுவினர். 1877-இல் தோன்றிய எல் நினோ மிக வலியது. அது இயற்கையின் ஏற்றத்தாழ்வு. இன்றோ, அவ்வேற்றத்தாழ்வின்மேல் மனிதன் எரித்த கரியும் எண்ணெயும் புதிய சூட்டை ஏற்றியுள்ளன. 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியைவிட ஏறத்தாழ 1.5 பாகை மிகுதி.

இஃது எங்கோ நடப்பதன்று. 2023-இல் மீண்டும் எல் நினோ தோன்றியது. ஜூலை 20-ஆம் நாள் இந்தியா, பாஸ்மதியல்லாத வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் மலேசியாவில் இறக்குமதி வெள்ளையரிசி டன் ஒன்றுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டாக ஏறிற்று. விலை கட்டுப்படுத்தப்பட்ட உள்நாட்டரிசி கடைகளில் அரிதாயிற்று. 1877-இல் விளைந்த நாட்டான் பசித்திருக்கத் தானியம் வெளியேறியது. 2023-இல் அங்கே கதவு அடைபட, இங்கே வாங்குவோன் தவித்தான். செல்வன் வீட்டில் அரிசிச் செலவு சிறு தொகை. தினக்கூலி வீட்டில் அதுவே பெருந்தொகை.

தோட்டக் கணக்கைப் புரட்டுவோர்க்கும் இது தெரியும். பால்மரத்துப் பட்டை நனைந்தால் அன்று வெட்டில்லை. பருவந்தவறிய மழையின் ஒவ்வொரு காலையும் செக்ரோலில் ஒரு வெறுமை. செம்பனையோ இன்னும் வஞ்சகமானது. வறட்சியில் பெண் பூ குறைந்து ஆண் பூ மிகும். அதன் பலன் ஓராண்டு, ஈராண்டு கழித்தே குலைக் குறைவாகத் தோன்றும். அப்பொழுது மழையை யாரும் நினையார். ஆள் சரியாக உழைக்கவில்லை என்றுதான் பேசுவர்.

தோழர்களே! தாது வருஷம் புகட்டும் பாடம் ஒன்றே. மழை தவறுவதை நம்மால் தடுக்க முடியாதிருக்கலாம். அந்நட்டம் யார் பேரில் எழுதப்படுகிறது என்பதோ மனிதர் செய்யும் ஏற்பாடு. பஞ்சத்தைக் கண்டபின் 1878-இல் கமிஷன் அமைந்தது. பசிக்குமுன் வேலை தரவேண்டுமென்ற பஞ்சச் சட்டங்கள் பிறந்தன. 50 இலட்சம் உயிர் போனபின் பிறந்த அறிவு அது. வரப்போகும் வறட்சிக்கு முன்னரே, மழை நாட்கூலியையும் அரிசிச் சேமிப்பையும் தொழிலாளர் கேட்டுப் பெறுதல் வேண்டும். விதியென்று வாளாவிருப்போமாயின், அடுத்த பஞ்சத்தின் பற்றும் நம் பேரிலேயே எழுதப்படும்.