பின்சில்லில் இல்லாத பிரேக்

கார்களின் வரலாற்றை எழுதுறவர்கள் பெரும்பாலும் எஞ்சினிலதான் தொடங்குவார்கள். எத்தனை சிலிண்டர், எத்தனை குதிரைவலு, மணிக்கு எத்தனை கிலோமீற்றர். அந்தக் கார் எப்படி நின்றது என்பதற்கு ஒரு வரி கிடைச்சாலே பெரிய விசயம். ஜகுவார் எக்ஸ்ஜே-எஸ் காரின் கதையை மற்றப் பக்கத்தால சொல்லிப் பார்ப்போம்.

1975 செப்ரெம்பரில் வந்த இரண்டு கதவுக் கார் அது. 5.3 லீற்றர், 12 சிலிண்டர் எஞ்சின். எடை ஏறத்தாழ 1,750 கிலோ. எண்ணெய் நெருக்கடி முடிஞ்ச கையோடு, பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் தள்ளாடிக்கொண்டிருந்த காலத்தில் வெளிவந்தது. ஈ-டைப் என்ற அழகியின் இடத்துக்கு வந்ததால் ஆரம்பத்திலேயே நிறைய ஏச்சு வாங்கியது. ஆனால் ஓட்டம் மட்டும் பஞ்சுமெத்தை மாதிரி.

இந்தப் பாரத்தை நிறுத்துவது என்றால் என்ன? பிரேக் செய்வது வேகத்தை வெப்பமாக மாற்றுவதுதான். 1,750 கிலோ கார் மணிக்கு 100 கிலோமீற்றரில் இருந்து ஒருதரம் நிக்கும்போது வரும் வெப்பம், இரண்டு லீற்றருக்கும் கூடுதலான சாதாரணத் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். 200இல் இருந்து நின்றால் ஒன்பது லீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் வெப்பம் நாலு மடங்காகும். அந்த வெப்பம் எங்கே போகிறது என்பதுதான் இந்தக் கதையின் கேள்வி.

பிரேக் விசயத்தில் ஜகுவார் பின்தங்கிய நிறுவனம் இல்லை. டன்லப் நிறுவனத்தோடு சேர்ந்து டிஸ்க் பிரேக்கை ஓட்டப்பந்தயத்தில் நிரூபித்ததே அவர்கள்தான். 1952இல் ஸ்டேர்லிங் மொஸ் டிஸ்க் பிரேக் பூட்டிய சி-டைப்பில் ரீம்ஸ் நகரில் வென்றார். 1953இல் டோனி ரோல்ற்றும் டங்கன் ஹமில்டனும் அதே வகைக் காரில் லு மான் 24 மணி நேர ஓட்டத்தை வென்றார்கள். டிரம் பிரேக் உள்ளுக்குள்ள சூட்டை அடைச்சு வைக்கும். டிஸ்க் காற்றில வெறுமனே சுழலுறதால கெதியா ஆறும். வெற்றிக்குக் காரணம் அதுதான்.

இனி வருவது முரண். 1961இல் ஈ-டைப்புக்கும் மார்க் 10க்கும் ஜகுவார் புதிய பின் சஸ்பென்ஷன் ஒன்று செய்தது. அதில் பின் டிஸ்க்குகள் சில்லுக்குள் இல்லை. காரின் நடுவில், டிஃபரென்ஷியலின் இரண்டு பக்கத்திலும் ஒட்டியபடி இருந்தன. காரணம் முட்டாள்தனம் இல்லை. சில்லோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் பாரம் எவ்வளவு குறைவோ, அவ்வளவுக்குப் பள்ளம் மேடு ஆளுக்குத் தெரியாது. பிரேக்கின் பாரத்தைச் சில்லிலிருந்து எடுத்து உடம்போடு சேர்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரு இரும்புக் கூட்டுக்குள் வைத்து, ரப்பர் தாங்கிகளில் தொங்கவிட்டார்கள். பக்கத்துக்கு இரண்டு சுருள்வில், இரண்டு டம்பர். அந்தப் பஞ்சுமெத்தை ஓட்டம் இங்கிருந்துதான் வந்தது. எக்ஸ்ஜே-எஸ்ஸும் இதையே வாங்கிக்கொண்டது.

சரி, அப்ப பிரச்சினை எங்க? காற்றில் ஆறட்டும் என்று கண்டுபிடிச்ச டிஸ்க்கைக் கொண்டுபோய்க் காற்றுக் குறைஞ்ச கூட்டுக்குள்ள வைச்சதிலதான். சூடு டிஃபரென்ஷியலுக்குப் போகும். அதன் ஓயில் சீல் காய்ந்துபோனால் ஓயில் கசிந்து டிஸ்க்கிலேயே விழும். டிஸ்க் மாற்ற வேணும் என்றால் வழமையாக முழுக் கூட்டையும் கழற்றி இறக்க வேண்டும். வேலை பெரிசு, கூலியும் பெரிசு. ஆகவே, விலை இறங்கிய பழைய கார்களில் பலரும் கைவைக்காமல் விட்ட இடமும் இதுதான். கண்ணுக்குத் தெரியாத பிரேக்கைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

ஓட்டப்பந்தயம் இதே காரை வேறு மாதிரிப் பார்த்தது. 1982இல் டொம் வோக்கின்ஷோவின் ரி.டபிள்யூ.ஆர் அணி எக்ஸ்ஜே-எஸ்ஸை ஐரோப்பிய ரூரிங் கார் சம்பியன்ஷிப்புக்குக் கொண்டுவந்தது. விற்பனைக் காரின் அடிப்படையை விட்டு அதிகம் விலகமுடியாத விதிகள். எஞ்சினில் பலம் ஏற்கெனவே இருந்தது; பாரத்தை அடக்குவதுதான் வேலை. 1984இல் வோக்கின்ஷோ சம்பியன் ஆனார். அதே வருடம் ஸ்பாவில் 24 மணி நேர ஓட்டத்தையும் அணி வென்றது. 1985இல் ஜோன் கொஸ்ஸும் ஆர்மின் ஹானேயும் அவுஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் 1000ஐ வென்றார்கள். பாதர்ஸ்ட் ஒரு மலைப் பாதை. ஒவ்வொரு சுற்றிலும் 174 மீற்றர் ஏறி இறங்கவேண்டும். பாரமான காருக்கு அந்த இறக்கம் என்ன செய்யும் என்பது, மலைநாட்டு இறக்கங்களில் பஸ்ஸின் பிரேக் கருகும் மணத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும்.

இந்தப் பாடம் பிறகு விற்பனைக் காருக்கும் வந்தது. 1988இல் ஜகுவாரும் ரி.டபிள்யூ.ஆரும் சேர்ந்து எக்ஸ்ஜேஆர்-எஸ் என்ற வகையை வெளியிட்டார்கள். முதலில் எஞ்சினைத் தொடவில்லை. சஸ்பென்ஷனை இறுக்கி, ரயரை அகலமாக்கினார்கள். 6.0 லீற்றர் எஞ்சின் அடுத்த வருடம்தான் வந்தது. இந்த ஒழுங்கைக் கவனியுங்கோ. 1988இல் ஏபிஎஸ்ஸும் எக்ஸ்ஜே-எஸ்ஸுக்கு வந்தது. கடைசியில் 1993இல் நிறுவனமே பின் பிரேக்கைச் சில்லுக்கு மாற்றியது. கார் சந்தைக்கு வந்து 18 வருடம் கழித்து. அதற்குப் பிறகு மூன்று வருடம்தான் அந்தக் கார் தயாரிப்பில் இருந்தது.

இன்றைக்கு இந்தக் காரை வைத்திருப்பவர்கள் பெரிய டிஸ்க், கடினமான பொலியூரத்தேன் புஷ், இறுக்கமான டம்பர் என்று மாற்றுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. புஷ் கடினமானால் ஸ்டியரிங் கூர்மையாகும். ரோட்டின் சத்தமும் உள்ளே வரும். முன் பிரேக்கை மட்டும் பெரிசாக்கினால் முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த சமநிலை குழம்பும். ஆனால் மிக மலிவான திருத்தம் பிரேக் ஓயில்தான். டொட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை வரை கொதிக்கக்கூடாது. ஈரப்பதம் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்குகிறது. கூட்டுக்குள் வெந்துகொண்டிருக்கும் ஒரு பிரேக்குக்கு இந்த வித்தியாசம் உயிர்ப்பிரச்சினை. கொதித்த ஓயிலில் குமிழி வந்தால், மிதித்த பெடல் சும்மா கீழே போகும்.

ஆகவே "அப்கிரேட்" என்ற சொல்லைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம். பழையவர்களுக்குத் தெரியாததை நாங்கள் திருத்துகிறோம் என்ற தொனி அதில் இருக்கிறது. 1961இல் அதைச் செய்த பொறியியலாளர்களுக்குச் சூட்டைப் பற்றித் தெரியாமல் இல்லை. அவர்கள் பயணியின் முதுகைத் தெரிவு செய்தார்கள். வோக்கின்ஷோ சுற்று நேரத்தைத் தெரிவு செய்தார். இன்றைய சொந்தக்காரரும் ஏதோ ஒன்றைத் தெரிவு செய்யத்தான் வேண்டும். அதற்கு முதல், இருக்கிற புஷ், டம்பர், சீல், ஓயில் எல்லாவற்றையும் புதுசாக்கி, அந்தக் கார் 1975இல் எப்படி ஓடி எப்படி நின்றது என்று ஒருக்கால் பார்க்கட்டும். திருத்தவேண்டியது வடிவமைப்பையா, இல்லாட்டி இத்தனை வருடப் பராமரிப்பின்மையையா என்பது அப்பதான் தெரியும்.