தாத்தாவின் மாண்டலினும் சூடம் வாசனையும்

நம் ஊர்ப் பழைய ஆட்களிடம் மாண்டலின் என்று சொன்னால் உடனே உப்பலப்பு சீனிவாஸ் பெயரைச் சொல்வார்கள். அது நியாயம்தான். 1969-இல் ஆந்திராவில் பாலகொல்லுவில் பிறந்து, சிறுவனாகவே மேடையேறி, 2014 செப்டம்பரில் 45 வயதிலேயே போய்விட்ட அந்த மனிதர்தான் இந்தக் கருவியை நம் கச்சேரிக்குள் கொண்டுவந்தார். ஆனால் அவர் வாசித்தது மின்சார மாண்டலின். இரட்டை இரட்டையாக எட்டுத் தந்தி இருக்கும் கருவியை ஒற்றைத் தந்திகள் ஐந்தாக மாற்றிக்கொண்டார். கமகம் பேச வேண்டுமே! நான் எழுதப்போவது அதற்கு மூத்த தலைமுறையைப் பற்றி. மின்சாரம் இல்லாத, குடம் வைத்த, கப்பலில் வந்த மாண்டலின்.

எங்கள் தாத்தா சைகோனில் தபால் இலாகாவில் குமாஸ்தா. 1891-இல் கட்டி முடித்த அந்தப் பெரிய மஞ்சள் கட்டடத்தை இன்றும் சுற்றுலா போகிறவர்கள் படம் பிடித்து வருகிறார்கள். கொச்சின்சீனா பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன பிறகு புதுச்சேரி, காரைக்காலிலிருந்து எத்தனை பேர் அங்கே தபாலுக்கும், போலீசுக்கும், வரி வசூலுக்கும் போனார்கள் என்று உங்களில் பலருக்கு வீட்டுக் கதையாகவே தெரியும். அப்பா சொன்ன கணக்குப்படி தாத்தா திரும்பியது 1936. கடலில் இருந்த பழைய இரும்புப் பாலத்தில் இறங்கியபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டி, தோளில் ஒரு மாண்டலின்.

அவர் போன பிறகு அந்தக் கருவி பெட்டியோடு பரணுக்குப் போயிற்று. பெட்டி மூடியின் உள்பையில் குடும்பக் காகிதங்கள். மாண்டலினைவிட அவைதான் முக்கியம். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பூர்வீக வழக்கச் சட்டத்தை விட்டுப் பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களை ரெனோன்சான் என்போம். எங்கள் முப்பாட்டனார் கொடுத்த அந்த ரெனோன்சியாசியோன் நகல் அதில்தான் இருந்தது. பிறகு 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்து, ஆறு மாதத்துக்குள் விருப்பம் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். சித்தப்பா கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசம்.

இரண்டு வருடம் முன்பு சார்செல்லிலிருந்து சித்தப்பா மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "அண்ணே, பொண்ணோட நேஷனாலிட்டி சர்ட்டிபிகேட்டுக்குத் தாத்தா காகிதம் கேக்கறாங்க. அந்தப் பெட்டிய கொஞ்சம் பாருங்களேன்" என்றான். மூலக்குளம் வீட்டுப் பரணிலிருந்து இறக்கித் திறந்ததும் முகத்தில் அடித்தது சூடம் வாசனை. கூடவே மூக்கை அரிக்கும் ஒரு புளிப்பு நெடி. பூச்சி வராமலிருக்கத் தாத்தா சூடம் போட்டு வைத்தார் என்று ஆயா சொல்வார்கள். பெட்டியில் எங்கு தேடியும் ஒரு துண்டு சூடம் இல்லை. வாசனை மாண்டலினிலிருந்தே வந்தது.

மீட்டும் வில்லை மரத்தைக் கீறாமலிருக்க, வாய்க்கும் குதிரைக்கும் நடுவே பழுப்பும் மஞ்சளுமாக ஒரு தகடு பதித்திருப்பார்கள். ஆமை ஓடு போலத் தெரியும். எங்கள் கருவியில் அது வறண்ட ஏரி மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து, ஓரம் சுருண்டு, தொட்டால் பிசுபிசுத்தது. தகட்டுக்கு நேர் மேலே போகிற இடத்தில் மட்டும் தந்திகள் அரித்துப் போயிருந்தன. சாவிகளின் பித்தளையில் பச்சைக் களிம்பு. காகிதங்களில் தகட்டுப் பக்கம் இருந்த ஓரமெல்லாம் காப்பிக் கறை நிறமாகி, மடித்தால் உதிர்ந்தது.

பழைய மாண்டலின்களில் உண்மையான ஆமை ஓடும் உண்டு. நாம் அழுங்காமை என்கிறோமே, அதன் ஓடு. அப்படியிருந்தால் 1972 வனவிலங்குச் சட்டம் குறுக்கே வரும். விற்பதும் கடல் தாண்டி அனுப்புவதும் வில்லங்கம். ஊசியைக் காய்ச்சிக் குத்திப் பார் என்று ஒருவர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். செல்லுலாய்டாக இருந்தால் பற்றிக்கொள்ளும். சூடம் வாசனையே போதுமான சாட்சி.

செல்லுலாய்டு என்பது என்ன? பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் பதப்படுத்தி வரும் நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் சேர்த்துப் பிசைந்த பண்டம். யானைத் தந்தத்துக்கு மாற்று தேடிய ஜான் வெஸ்லி ஹயாத் என்ற அமெரிக்கர் 1870-இல் காப்புரிமை வாங்கினார். சீப்பு, பொம்மை, சட்டைக் காலர், அண்மைக் காலம் வரை பிங்-பாங் பந்து எல்லாம் அதுதான். தைவான் காட்டுக் கற்பூர மரங்கள் இதற்காகவே ஏராளமாக வெட்டப்பட்டன. நாம் சாமிக்குக் காட்டும் பொருளை வெள்ளைக்காரன் சீப்புக்குள் வைத்தான்! கற்பூரம்தான் அதை வளையச் செய்வது. வருடக்கணக்கில் அது ஆவியாகப் போகப்போகத் தகடு சுருங்கி வெடிக்கிறது. நைட்ரேட்டும் சிதைந்து வாயு விடுகிறது. காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அமிலம். நம் கடற்கரைப் புழுக்கத்தில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் கேட்க வேண்டுமா?

பழைய சினிமாப் படச்சுருளும் இதே சாதிதான். நடராஜ முதலியாரின் 'கீசக வதம்', 1931-இன் 'காளிதாஸ்' இரண்டுக்கும் இன்று பிரதி இல்லை. 2003 ஜனவரியில் புனேயில் தேசியத் திரைப்படக் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் எரிந்ததும் இந்தப் பொருளின் குணத்தால்தான் அவ்வளவு வேகமாக.

கருவி எந்த ஊர் என்று கண்டுபிடித்தது தனிக் கதை. வாய் வழியே டார்ச் அடித்தால் உள்ளே ஒரு காகிதச் சீட்டு. பாதி பூச்சி தின்றது. மீந்தது "...தியே", அதன் கீழே "மிர்கூர் (வோஜ்)". என் மகன் அதை முதலாளி பெயர் என்று நினைத்தான். லிசேவில் மெத்ர் பிரம்போடு நின்று பிரான்சின் தெப்பார்த்மான்களை ஒப்பிக்க வைத்தது அறுபது வருடம் கழித்து உதவியது. வோஜ் ஒரு மாவட்டம். மிர்கூர் அதிலுள்ள சிற்றூர். வயலின் செய்வதற்கே பேர் போனது. புகழ்பெற்ற வில்லோம் 1798-இல் பிறந்த ஊர். "தியே" என்பது "லூத்தியே"யின் வால், அதாவது தந்திக் கருவி செய்பவர். 1878-இல் ஸ்பெயின் மாணவர் குழு ஒன்று பாரீசுக்கு வந்து வாசித்துப் போனதிலிருந்து மாண்டலின் மோகம் பரவியது. அந்த மாணவர்கள் வாசித்தது பந்தூரியா என்ற வேறு கருவி என்பது வேடிக்கை. மிர்கூர் பட்டறைகள் வயலினோடு மாண்டலினும் செய்து குடியேற்ற நாடுகளுக்குக் கப்பல் ஏற்றின. செய்தவர் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது. எனக்கு ஊர் போதும்.

முதலில் காகிதங்களைப் பிரித்துத் தனி உறையில் போட்டு, ஸ்கேன் எடுத்து சார்செல்லுக்கு அனுப்பினேன். பிறப்புப் பதிவு போனால் நாந்த்திலோ நம் நகராட்சியிலோ திரும்ப வாங்கலாம். ரெனோன்சியாசியோன் நகலின் முத்திரை மூலை உதிர்ந்தால் ஒட்ட வைக்க முடியாது. நல்லவேளை, பெயரும் தேதியும் தப்பின.

பிறகுதான் மாண்டலின். மகனுக்கு அதைப் பளபளவென்று பெயிண்ட் அடித்து ஹாலில் மாட்ட ஆசை. நான் ஒப்பவில்லை. வீணை வேலை தெரிந்த ஆசாரி ஒருவரிடம் கொடுத்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். "சூடு காட்டவே கூடாது சார்" என்று அவரே சொன்னது மனதுக்குத் தெம்பாயிருந்தது. தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக் கழற்றி, மெல்லிய தகட்டுக் கத்தியால் அந்த ஓட்டைச் சில்லு சில்லாக எடுத்தார். ஒரு முழுப் பகல் ஆயிற்று. அடியில் மரம் கறுத்திருந்ததே தவிர இற்றுப் போகவில்லை. வடிவத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டோம். சில்லுகளைக் காற்றுப்புகும் காகித உறையில் போட்டு, அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் வைத்திருக்கிறேன். டப்பாவில் அடைத்தால் சிதைவு இன்னும் வேகமாகும்.

பள்ளத்தில் ஈட்டி மரத்தில் சீவிய மெல்லிய தகட்டை வச்சிரம் காய்ச்சி ஒட்டினார். இன்றைய வெள்ளைப் பசை வேண்டாம் என்பதில் இருவரும் ஒத்துப்போனோம். வச்சிரமானால் நாளைக்கு இன்னொருவர் ஈரம் காட்டிப் பிரிக்கலாம். மேலே அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பூச்சு. நம் நாட்டு அரக்குக்குப் பேர் பிரெஞ்சு பாலிஷ்!

தந்தியில்தான் எச்சரிக்கை வேண்டும். கடையில் கொடுப்பது இக்காலத்துக் கனத் தந்தி. அதை ஏற்றினால் பழைய குடக் கருவியின் மேல்பலகை குதிரைக்கடியில் அமுங்கிவிடும். மிக மெல்லிய தந்தி தேடி வாங்கி, வயலினுக்கு உள்ள ஜி, டி, ஏ, ஈ சுருதியையே முழுதாக ஏற்றாமல் ஒரு ஸ்வரம் தாழ்த்தி வைத்தார். பேத்தி வயலின் கற்கிறாள். விரல் வைக்கும் இடம் ஒன்றுதான் என்பதால் அரைமணியில் ஒரு கீதம் வந்துவிட்டது.

தகடு ஒட்டுவதற்கு முன்பே, பழைய சீட்டைத் தொடாமல், அதன் பக்கத்தில் இன்னொரு சிறு சீட்டு உள்ளே ஒட்டினோம். செல்லுலாய்டு தகடு நீக்கி ஈட்டி மரம் வைத்தது, ஒட்டியது வச்சிரம், ஊர் மூலக்குளம், தேதி. அலுவலகப் பழக்கம், விடவில்லை. தமிழில் ஒரு வரி, பிரெஞ்சில் ஒரு வரி.